கதவுக்குக் கீழே நுழையும் குளிரை அடைப்பது எப்படி: ஜொகன்னஸ்பர்க் வந்திறங்கியவர்களுக்கு

ஊரில் இருந்தவரை தெற்கிலிருந்து வருவது தென்றல், வடக்கிலிருந்து வருவது வாடை. மார்கழியில் போர்வையை இழுத்து மூட வைத்ததெல்லாம் அந்த வாடைதான். ஜொகன்னஸ்பர்க்கில் இந்தக் கணக்கு அப்படியே தலைகீழ். இங்கே குளிர் தெற்கே கேப் பக்கத்துக் கடலிலிருந்து ஏறி வருகிறது, வெயில் வடக்கு ஜன்னல் வழியாக உள்ளே விழுகிறது. தென்றல் வரட்டும் என்று தெற்கு வாசலைத் திறந்து வைத்துப் பழகியவர்கள் ஜூன் மாதத்தில் அதைச் செய்து பார்த்தால் ஒரே இரவில் விஷயம் புரிந்துவிடும்.

புதிதாக வேலைக்கு வந்து சன்னிங்ஹில், மிட்ராண்ட், ஃபோர்வேஸ் பக்கம் வீடு பிடித்தவர்கள் மே கடைசியில் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "அண்ணே, எந்த ஹீட்டர் வாங்கலாம்?" என்பதுதான். ஹீட்டர் இருக்கட்டும் தம்பி, முதலில் வாசல் கதவுக்குக் கீழே ஒரு பென்சிலை உருட்டிப் பார் என்பேன். சாதாரணப் பென்சில் சுமார் ஏழு மில்லிமீட்டர் தடிமன். அது தடையில்லாமல் அந்தப் பக்கம் போய் விழுந்தால், வாங்கப்போகும் ஹீட்டர் பாதி நேரம் தெருவைத்தான் சூடாக்கும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் பகீரென்று இருக்கும். இங்கே வழக்கமான கதவின் அகலம் 813 மில்லிமீட்டர். கீழே ஒரு சென்டிமீட்டர் இடைவெளி என்றால் 81 சதுர சென்டிமீட்டர் ஓட்டை. இந்த ஊர்ச் செங்கல்லின் முகம் 222-க்கு 73 மில்லிமீட்டர், அதாவது சுமார் 162 சதுர சென்டிமீட்டர். ஆக, முன்வாசல் கதவு ஒன்றே சுவரில் பாதிச் செங்கல்லைப் பெயர்த்து எடுத்துவிட்டது போல. பின்வாசலும் அப்படியே இருந்தால் முழுச் செங்கல். சுவரில் செங்கல் இல்லையென்றால் அன்றைக்கே கொத்தனாரைக் கூப்பிடுவோம், கதவுக்குக் கீழே இருப்பதால் பத்து வருஷம் போர்வைக்குள்ளேயே ஓட்டிவிடுகிறோம்.

இந்த ஊர் கடல்மட்டத்திலிருந்து 1,700 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. ஜூன், ஜூலையில் பகலில் பதினாறு பதினேழு டிகிரி, பளிச்சென்ற வெயில்; பொழுது சாய்ந்ததும் மடமடவென்று இறங்கி, விடியற்காலையில் நாலு டிகிரி, சில நாள் பூஜ்யம். 2023 ஜூலை 10 அன்று பனியே விழுந்தது, ஆபீஸில் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு வெளியே ஓடிப் படம் எடுத்தோம். அப்படியும் பெரும்பாலான வீடுகளில் வீடு முழுக்கச் சூடேற்றும் ஏற்பாடு எதுவும் கிடையாது. தரையெல்லாம் டைல்ஸ், ஜன்னலெல்லாம் ஒற்றைக் கண்ணாடி. வெயிலை நம்பிக் கட்டிய வீடுகள்.

சரி, இத்தனை இடைவெளிகள் இருக்கும்போது கதவுக்குக் கீழே மட்டும் ஏன் இவ்வளவு கவனம்? சூடான காற்று மேலே போகும், கூரைச் சந்துகள் வழியாகவும், பழைய வீடுகளில் சுவரின் உச்சியில் வைத்திருக்கும் ஓட்டைச் செங்கல் வழியாகவும், புகைபோக்கி வழியாகவும் வெளியேறும். போன காற்றுக்கு ஈடாகக் கீழேயிருந்து புதுக் காற்று உள்ளே இழுபடும். ஹீட்டர் எவ்வளவுக்கு எவ்வளவு வேலை செய்கிறதோ அவ்வளவுக்கு அவ்வளவு இந்த இழுப்பும் கூடும். காற்றே வீசாத இரவிலும் கணுக்கால் சில்லிட்டுப் போவது இதனால்தான். குளிர்காய அடுப்பு வைத்த வீடாக இருந்தால், எரிக்காத நாட்களில் புகைபோக்கியின் தகட்டு மூடியை மூடிவைத்தாலே கதவுக்குக் கீழே வரும் காற்று பாதி குறைந்த மாதிரி இருக்கும். காசு செலவில்லாத வேலை, அதை முதலில் செய்யுங்கள்.

எங்கே காற்று வருகிறது என்று பாருங்கள்

இதற்குக் கருவி எதுவும் வேண்டாம், சாமி மாடத்தில் இருக்கும் ஊதுபத்தி போதும். இரவு எட்டு மணிக்கு மேல் ஃபேன் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, பத்தியைக் கொளுத்தி, கதவின் கீழ் ஓரமாக ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு மெதுவாகக் கொண்டுபோங்கள். புகை நேராக மேலே போனால் அந்த இடத்தில் கவலையில்லை. சட்டென்று உள்பக்கம் சாய்ந்தால் அங்கே காற்று. திரைச்சீலையை மட்டும் முதலில் ஒதுக்கிக் கட்டிவிடுங்கள். அப்படியே நிலையின் இரண்டு பக்கமும் மேலேயும் ஒரு சுற்று வாருங்கள், ஏனென்றால் சில வீடுகளில் கீழே அடைத்த பிறகுதான் பூட்டுப் பக்கம் விரல் நுழையும் சந்து இருப்பது தெரியவரும். இன்னொரு வழி, உள்ளே விளக்கை அணைத்துவிட்டு வெளியே ஒருவரை டார்ச் அடிக்கச் சொல்வது. வெளிச்சம் எங்கெல்லாம் தடிமனாகத் தெரிகிறதோ அங்கெல்லாம் இடைவெளி அதிகம், பெரும்பாலும் ஒரு மூலை மற்றதைவிட இரண்டு மடங்கு இருக்கும்.

எந்தக் கதவில் ஆரம்பிப்பது என்றால், தெற்கு பார்த்த கதவு. அடுத்தது, கார் நிறுத்துமிடத்திலிருந்து நேராகச் சமையலறைக்குள் வரும் கதவு; இங்குள்ள டவுன்ஹவுஸ்களில் அது சகஜம், அந்த வழியாகக் குளிர் மட்டுமா வருகிறது, வண்டியைக் கிளப்பும்போது புகையும் சேர்ந்து வருகிறது. படுக்கையறைக் கதவெல்லாம் கடைசி. குளியலறைக் கதவைத் தொடவே வேண்டாம், உள்ளே இருக்கும் காற்றுபோக்கி வேலை செய்யக் கதவுக்குக் கீழே கொஞ்சம் இடம் தேவை.

அளக்கும்போது எல்லோரும் செய்யும் தப்பு

கதவை மூடிவைத்து, டேப்பால் அகலத்தையும் இடைவெளியையும் அளந்துகொண்டு கடைக்குப் போய்விடுகிறார்கள். நானும் முதல் வருஷம் அதைத்தான் செய்தேன். கதவு மூடியிருக்கும் இடத்தில் உள்ள இடைவெளி வேறு, அது திறந்து சுற்றி வரும் வழியில் உள்ள இடைவெளி வேறு. டைல்ஸ் சரியான மட்டத்தில் இருக்கும் வீட்டை நான் இங்கே இதுவரை பார்த்ததில்லை. மூடும்போது பத்து மில்லிமீட்டர் இருக்கும், பாதி திறந்தால் ஆறு ஆகும், சுவர் வரைக்கும் கொண்டுபோனால் நாலு. அதற்கு மேல் அங்கே ஒரு கம்பளமும் விரித்திருப்போம்.

அதனால் இப்படிச் செய்யுங்கள். மூடிய நிலையில் கீல் பக்கம், நடு, பூட்டுப் பக்கம் என்று மூன்று இடத்தில் அளந்து எழுதுங்கள். அப்புறம் கால்வாசி, பாதி, முழுக்கத் திறந்து, ஒவ்வொரு நிலையிலும் பூட்டுப் பக்க மூலையில் அளவு எடுங்கள். இந்த எண்களில் பெரியதுக்கும் சிறியதுக்கும் வித்தியாசம் இரண்டு மூன்று மில்லிமீட்டருக்குள் என்றால், சந்தை அடைக்கக் கதவின் அடியில் பொருத்தும் எந்தப் பட்டையும் வேலை செய்யும். அதற்கு மேல் போனால் ரப்பர் பட்டையை மறந்துவிடுங்கள், அது தரையில் இழுபட்டு ஒரு மாதத்தில் மடங்கிக் கிழிந்துவிடும். பிரஷ் வைத்ததுதான் சரிப்படும், மயிர் வளைந்து கொடுக்கும்.

கடையில் என்ன கேட்பது

பில்டர்ஸ், லெராய் மெர்லின், கேஷ்பில்ட் எதிலும் கதவுச் சாமான் வரிசையில் 'டிராஃப்ட் எக்ஸ்க்ளூடர்' அல்லது 'டோர் சீல்' என்று கேட்டால் காட்டுவார்கள். நாலைந்து வகை தொங்கும்.

வாடகை வீடு, ஆணி அடிக்க முடியாது என்பவர்களுக்கு இரட்டைக் குழல் வகை: நீளமான துணிப் பைக்குள் இரண்டு பஞ்சுக் குழல், கதவுக்குக் கீழே நுழைத்தால் ஒன்று உள்ளே, ஒன்று வெளியே. கதவோடு சேர்ந்து நகரும். டைல்ஸ் தரைக்கு அருமை, கம்பளத்தில் மாட்டிக்கொள்ளும். வெளிக்கதவுக்குப் போட்டால் மழையில் நனைந்த பஞ்சு இரண்டு நாளில் நாறும், உள்கதவுகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒட்டும் பட்டை இரண்டாவது. பின்பக்கத் தாளை உரித்து ஒட்டினால் போதும், விலையும் குறைவு. ஆனால் குளிரில் பசை பிடிக்காது. சனிக்கிழமை மத்தியானம் வெயில் கதவில் பட்டபிறகு, மெத்திலேட்டட் ஸ்பிரிட்டால் (இங்கே ஊதா நிறத்தில் விற்கும்) கதவின் கீழ்ப்பகுதியைத் துடைத்து, நன்றாகக் காய்ந்தபின் ஒட்டி, துணியால் ஓரம் முதல் ஓரம் வரை அழுத்தித் தேயுங்கள். அன்று முழுக்கக் கதவை மெதுவாகப் பயன்படுத்துங்கள். ராத்திரி ஒன்பது மணிக்குக் குளிர் தாங்காமல் எழுந்து போய் ஒட்டினவர்கள் எல்லோருடையதும் புதன்கிழமை தரையில் கிடக்கும்.

மூன்றாவது, அலுமினியச் சட்டத்தில் ரப்பர் அல்லது பிரஷ் வைத்து, திருகாணி போட்டு முடுக்குவது. வெளிக்கதவுக்கு என் ஓட்டு இதற்குத்தான், எப்படிப் பொருத்துவது என்று கீழே விரிவாகச் சொல்கிறேன். நாலாவதாக, கதவை மூடும்போது தானாகக் கீழே இறங்கி, திறக்கும்போது ஏறிக்கொள்ளும் வகை ஒன்று உண்டு. கீல் பக்கம் இருக்கும் ஒரு சின்னப் பொத்தான் நிலையில் முட்டும்போது பட்டை இறங்கும். விலை அதிகம், ஆனால் கம்பளத்தைத் தாண்டித் திறக்க வேண்டிய கதவுக்கு வேறு நல்ல வழி இல்லை.

எல்லாவற்றுக்கும் முன்னால், காசே இல்லாமல் செய்யக்கூடிய ஒன்று துணிப்பாம்பு. முதல் குளிர்காலத்தில் லெனேசியாவில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டுக்கார ஆன்ட்டி ஒன்று தைத்துக் கொடுத்தார், பன்னிரண்டு வருஷம் ஆகிறது, இன்னும் எங்கள் படுக்கையறை வாசலில் கிடக்கிறது. பழைய ஜீன்ஸ் கால் ஒன்று போதும், நீளம் பற்றாவிட்டால் இரண்டைச் சேர்த்துத் தையுங்கள். கதவு 813 என்றால் பாம்பு 880, 900 வரை இருக்கலாம், இரண்டு பக்கமும் நிலையில் முட்டி வளைந்து நிற்க வேண்டும். குறுக்கே தைத்த பிறகு விட்டம் எட்டு சென்டிமீட்டர் வந்தால் சரி. உள்ளே என்ன போடுவது என்பதில்தான் விஷயம். வெறும் பஞ்சு போட்டால் எடை இருக்காது, காற்றே தள்ளிவிடும். நான் தனியாக ஒன்று செய்தபோது வீட்டிலிருந்த அரிசியைப் போட்டேன். செப்டம்பரில் பாம்பு உயிரோடு நெளிகிற மாதிரி இருந்தது, பிரித்துப் பார்த்தால் முழுக்க வண்டு. மணல்தான் சரி. இங்கே பாதி வீடுகளில் நீச்சல்குளம் இருப்பதால் வடிகட்டிக்குப் போடும் கழுவிய மணல் கடைகளில் மூட்டையாகக் கிடைக்கும், தூசி இருக்காது. இரண்டு மூன்று கிலோ மணல், மீதிக்குப் பழைய சேலைத் துண்டு. மணலை முதலில் கெட்டியான பிளாஸ்டிக் பையில் கட்டி, அதைத் துணிக்குள் நுழைத்தால் துவைக்கும்போது சுலபம்.

திருகாணி போட்டுப் பொருத்துவது

இதற்குத் தேவையானவை: டேப், பென்சில், இரும்பு அறுக்கும் ஹாக்ஸா பிளேடு, அரம், பிளையர், மாஸ்கிங் டேப், டிரில், திருப்புளி. ஒரு மணி நேர வேலை, முதல் தடவை என்றால் ஒன்றரை.

உள்பக்கம் திறக்கும் கதவுக்குப் பட்டையை உள்முகத்தில் பொருத்துவோம். உள்முகத்தில் கதவின் முழு அகலமும் கிடைக்கும், ஆகவே பட்டை கிட்டத்தட்டக் கதவின் அகலமே இருக்கலாம், கீல் பக்கம் மட்டும் இரண்டு மில்லிமீட்டர் விட்டுவிடுங்கள், இல்லையென்றால் திறக்கும்போது நிலையை உரசும். வெளிமுகத்தில் எதையாவது பொருத்த வேண்டியிருந்தால் கதை வேறு, அங்கே நிலையின் தடுப்புச் சட்டம் இரண்டு பக்கமும் கதவை மறைத்துக்கொண்டு நிற்கும், அந்த இரண்டுக்கும் நடுவே உள்ள அகலத்தைத்தான் அளக்க வேண்டும்.

வெட்டுவதற்கு முன் அலுமினியத்துக்குள் இருக்கும் ரப்பரையோ பிரஷ்ஷையோ பிடித்து இழுத்து வெளியே எடுத்துவிடுங்கள். சட்டத்தைத் தனியாக அறுத்து, முனையை அரத்தால் தேய்த்து வழவழப்பாக்குங்கள், வீட்டில் தவழும் குழந்தை இருந்தால் இதில் சோம்பல் வேண்டாம். பிரஷ்ஷைத் தனியாக, சட்டத்தைவிட ஒரு மில்லிமீட்டர் நீளமாக வெட்டி மறுபடி நுழையுங்கள். கடைசியில் சட்டத்தின் இரண்டு முனையையும் பிளையரால் லேசாக நெரித்து விடுங்கள். இந்த நெரிப்பைப் பொட்டலத்தில் போட்டிருக்கும் படத்தில் யாரும் காட்டுவதில்லை. இதைச் செய்யாவிட்டால் தினம் திறந்து மூடும்போது பிரஷ் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு பக்கம் நகர்ந்து, மூன்று மாதத்தில் மூலையில் இரண்டு விரல் அகலத்துக்குச் சந்து விழுந்துவிடும்.

அடுத்து, திருகாணி போடாமல் மாஸ்கிங் டேப்பால் பட்டையைக் கதவில் ஒட்டுங்கள். மூடிய நிலையில் மயிர்நுனி தரையைத் தொட்டு இலேசாக வளைய வேண்டும், ஒன்று இரண்டு மில்லிமீட்டர் வளைந்தால் போதும். இப்போது கதவை முழுக்கத் திறந்து மூடிப் பாருங்கள், ஐந்தாறு தடவை. இழுபட்டால் ஏற்றி ஒட்டுங்கள். திருப்தி வந்தபிறகு மேல் ஓரத்தில் பென்சில் கோடு போடுங்கள்.

சட்டத்தில் திருகாணித் துளைகள் வட்டமாக இருக்காது, மேலும் கீழுமாக நீண்ட துளைகளாக இருக்கும். அது அழகுக்கு இல்லை. ஆணி துளையின் நடுவில் உட்காரும்படி போட்டால் பிறகு மேலேயோ கீழேயோ நகர்த்திக்கொள்ளலாம். முதலில் இரண்டு மில்லிமீட்டர் பிட்டால் சின்னத் துளை போட்டு, அப்புறம் திருகாணி. நேரடியாக முடுக்கினால் மெரான்டி மரம் ஓரத்தில் வெடித்துக்கொள்ளும். உள்கதவுகள் பலவும் வெளியே மெல்லிய பலகை, உள்ளே வெறும் அட்டைக்கூடு. ஓரங்களில் மட்டும்தான் மரச்சட்டம், எனவே அதில் திருகாணி எவ்வளவு கீழே போகிறதோ அவ்வளவு பிடிப்பு. அலுமினியக் கதவில் டிரில் போடாதீர்கள், ஒட்டும் வகையே போதும்.

வாடகை வீட்டில் துளை போடுவதற்கு முன் வீட்டுக்காரரிடம் எழுத்தில் கேட்டுவிடுங்கள், வாட்ஸ்அப் செய்தியாவது இருக்கட்டும். குடிவரும் முன் இரண்டு தரப்பும் சேர்ந்து வீட்டைச் சுற்றிப் பார்த்துக் குறைகளை எழுதிவைக்க வேண்டும் என்று 1999-ஆம் ஆண்டு வாடகை வீட்டுச் சட்டமே சொல்கிறது. அந்தச் சமயத்தில் கதவுக்குக் கீழே இருக்கும் இடைவெளியையும் பட்டியலில் சேர்த்துவிட்டால் நல்லது, சில வீட்டுக்காரர்கள் தாங்களே ஆள் வைத்து அடைத்துக் கொடுப்பார்கள். ஒட்டிய பட்டையைக் காலி செய்யும்போது எடுக்க, ஹேர் டிரையரால் சூடு காட்டி மெதுவாக உரியுங்கள். மிச்சப் பிசின் மேல் சமையல் எண்ணெய் தடவி அரைமணி விட்டால் துணியோடு வந்துவிடும்.

மழைக்கு இது போதாது

குளிருக்கு அடைத்தால் மழைக்கும் அடைபட்டுவிடும் என்று நினைப்பவர்கள் அக்டோபரில் ஏமாறுவார்கள். இங்கே குளிர்காலம் முழுக்கச் சொட்டு மழை இல்லை. கோடையில், மத்தியானம் மூன்று நாலு மணிக்குக் கறுத்துக்கொண்டு வந்து, இடி, ஆலங்கட்டி, பக்கவாட்டில் அடிக்கும் மழை, ஒரு மணி நேரத்தில் எல்லாம் முடிந்து வெயில். உள்முகத்தில் இருக்கும் பிரஷ் அந்தத் தண்ணீரை நிறுத்தாது. கதவின் வெளிமுகத்தில் வழிந்து வரும் தண்ணீரைக் கதவின் அடிக்குப் போகவிடாமல் தள்ளிவிடுவதுதான் முக்கியம்.

அதற்கு வெதர்போர்டு என்று ஒரு சரிவான மரக்கட்டை விற்கிறார்கள், கதவின் வெளிமுகத்தில் அடியில் பொருத்துவது. அதன் அடிப்பக்கத்தில் நீளவாட்டில் ஒரு பள்ளம் இருக்கும், அது வெளிப்பக்கம் வரும்படி வைக்க வேண்டும், தண்ணீர் அந்தப் பள்ளத்தைத் தாண்டி உள்ளே ஊர முடியாமல் அங்கேயே சொட்டிவிடும். கட்டையின் மேல் ஓரம் கதவோடு சேரும் இடத்தில் சிலிக்கான் பசை போடுங்கள். அடி ஓரத்தில் போடாதீர்கள், உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் மரம் அழுகும். இதோடு வாசற்படியில் வெதர் பார் என்ற உலோகப் பட்டையும் பதித்திருந்தால் சாதாரண மழைக்குப் பயமில்லை.

ஸ்டூப் என்று இங்கே சொல்லும் திண்ணையில் தண்ணீர் போகும் துளையை அக்டோபர் பிறப்பதற்குள் சுத்தம் செய்து வையுங்கள். ஆலங்கட்டி குவிந்து துளையை அடைத்துக்கொண்டால் தண்ணீர் ஏறி நேராக வாசலுக்கு வரும், அப்போது உலகத்தில் உள்ள எந்தப் பட்டையும் உதவாது, பழைய துண்டும் வாளியும்தான்.

நகர்த்தும் அலுமினியக் கதவு இருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கீழே தண்டவாளத்தின் வெளிப்பக்கம் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். குளிர் வருகிறது என்று ஒரு நண்பர் அவற்றில் எல்லாம் சிலிக்கானை அடித்து வைத்தார். அவை மழைத் தண்ணீர் வெளியே போகும் வழி. முதல் மழையில் தண்டவாளம் தொட்டியாகி, நிரம்பி, உள்ளே சோஃபாவுக்கு அடியில் போய் நின்றது. அந்தக் கதவுகளில் தேய்ந்துபோவது ஓரத்தில் இருக்கும் பூனைமயிர் மாதிரியான பட்டை, அதை உருவி எடுத்து ஒரு துண்டைக் கடைக்குக் கொண்டுபோய் அதே அகலத்தில் புதிது வாங்கி நுழைத்தால் சரியாகிவிடும்.

காஸ் ஹீட்டர் வைத்திருந்தால் இதைப் படிக்காமல் போகாதீர்கள்

சிலிண்டரை உள்ளேயே வைத்து உருட்டிக்கொண்டு போகும் காஸ் ஹீட்டர், பாரஃபின் (நம் ஊர் மண்ணெண்ணெய்) ஹீட்டர் இரண்டும் அறையின் காற்றைத்தான் எரிக்கின்றன, எரிந்த வாயுவையும் அறைக்குள்ளேயே விடுகின்றன. கதவுக்குக் கீழே நன்றாக அடைத்த அறையில் இதை ஓட்டினால் கார்பன் மோனாக்சைடு சேரும், அதற்கு மணமும் இல்லை நிறமும் இல்லை, தலைவலி என்று படுத்தவர் எழுந்திருக்காமல் போகலாம். ஆகவே அப்படிப்பட்ட ஹீட்டர் எரியும் அறையில் ஒரு ஜன்னலை இரண்டு விரல் அகலம் திறந்து வையுங்கள், சுவரின் மேலே இருக்கும் ஓட்டைச் செங்கல்லை அடைக்காதீர்கள், தூங்கப் போகும் முன் ஹீட்டரை அணைத்துவிடுங்கள். பிரை என்று இங்கே சொல்லும் கறி சுடும் அடுப்பில் மிச்சமான கரியை உள்ளே கொண்டுவந்து வைப்பது எந்த வீட்டிலும், ஒரு நிமிஷத்துக்கும் வேண்டாம். எண்ணெய் ஹீட்டர் போன்ற மின்சார வகைக்கு இந்தப் பயம் இல்லை, ஆனால் 2,000 வாட் ஹீட்டர் முழு வேகத்தில் ஓடினால் மணிக்கு இரண்டு யூனிட், ப்ரீபெய்ட் மீட்டரில் கண்ணுக்கு முன்னால் இறங்கும்.

ஜனவரியில் ஒரு தடவை

கடைசியாக, நான் பட்ட பாடு. ஜூலையில் இங்கே காற்று வறண்டு கிடக்கும், உதடு வெடிக்கும், கதவு மரமும் சுருங்கி நிற்கும். அந்த நேரத்தில் ரப்பர் பட்டையை ஒரு மயிரிழை கூட விடாமல் தரையோடு அழுத்திப் பொருத்தினேன், ஊதுபத்திப் புகை அசையவே இல்லை, ரொம்பப் பெருமை. ஜனவரியில் ஒரு வாரம் விடாமல் சாயங்கால மழை, மரம் ஊறிவிட்டது. பொங்கலன்று ஸ்டூப்பில் அடுப்பு வைத்து என் மனைவியும் ஊரிலிருந்து வந்திருந்த அத்தையும் பால் பொங்கக் காத்திருந்தார்கள், காற்றில் கதவு சாத்திக்கொண்டது, நான் வெல்லத் தட்டோடு உள்ளே. வெளியே "பொங்கலோ பொங்கல்", உள்ளே நான் கைப்பிடியைப் பிடித்துத் தொங்குகிறேன், கதவு அசையவில்லை. கடைசியில் சமையலறை ஜன்னல் வழியாகத்தான் வெல்லம் போயிற்று. "இந்தக் கதவைச் செய்ததுக்கு ஒரு சுவரே கட்டியிருக்கலாம் மாப்பிள்ளை" என்றார் அத்தை.

அதனால்தான் நீண்ட துளையில் ஆணியை நடுவில் போடச் சொன்னேன். அக்டோபர் முதல் மழைக்குப் பிறகு ஆணிகளை அரைச் சுற்று தளர்த்தி, பட்டையை இரண்டு மில்லிமீட்டர் ஏற்றி மறுபடி முடுக்குங்கள், மே மாதம் இறக்குங்கள். கதவை ஒரு தடவை கழற்ற நேர்ந்தால் அடிமுனைக்கு வார்னிஷ் இரண்டு கோட் அடித்துவிடுங்கள், பெயின்டர்கள் கண்ணுக்குத் தெரியாத அந்த ஓரத்தை எப்போதும் விட்டுவிடுவார்கள், தண்ணீர் அங்கேதான் ஏறுகிறது.

ஏற்றினாலும் முழுக்கச் சந்து விடாதீர்கள், கோடையில் அந்த வழியாக வரக்கூடிய விருந்தாளி ஒன்று உண்டு. பார்க்டவுன் ப்ரான் என்பார்கள், பெயர்தான் இறால், ஆறேழு சென்டிமீட்டர் நீளத்தில் செம்பழுப்பாக ஒரு சுவர்க்கோழி. விரட்டினால் நம்மை நோக்கித் துள்ளும், கறுப்பாக நாற்றமடிக்கும் எதையோ பீச்சும். குளிருக்குப் பட்டை வாங்க யோசித்துக்கொண்டே இருந்த என் பக்கத்து வீட்டுத் தம்பி, இதை ஒரு தடவை ஹாலில் பார்த்த அடுத்த நாள் காலை கடை திறக்கும் முன் போய் நின்றார்.